கயாக்லயும் போட்லயும் பாஸ் புடிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு, டெக்சாஸ் ஏரியில அடிபட்டுக் கத்துக்கிட்டது

ஊர்ல வாய்க்கால் ஓரமா மூங்கில் குச்சி, நரம்பு, மயிலிறகுத் தண்டுல தக்கை, கொட்டாங்குச்சில மண்புழுனு உக்காந்து கெண்டை புடிச்ச ஆளு நான். டல்லாஸ் பக்கம் வந்து முதல் தடவ ஃபிஷிங் கடைக்குள்ள நுழைஞ்சப்ப ஒரு சுவரு முழுக்க பிளாஸ்டிக் புழுவா தொங்குது, பச்சையிலயே பத்துப் பன்னெண்டு பச்சை. அன்னிக்கு 200 டாலருக்கு மேல அள்ளிட்டு வந்தேன், அதுல இன்னிக்கு வரைக்கும் தண்ணியப் பாத்தது கால்வாசி கூட இருக்காது, மீதி கராஜ்ல டப்பாக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு உருகிக் கெடக்கு. அந்தக் காசை லைஃப் ஜாக்கெட்டுக்கும் நல்ல சீட்டுக்கும் போட்டிருந்தா ஒரு வருஷம் முன்னாடியே மீன் புடிக்கக் கத்துக்கிட்டிருப்பேன். அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க என்ன வரிசைல போகணும், எதுக்குக் காசு போடணும், எதுக்குப் போடக்கூடாதுனு நான் பண்ண தப்பை வெச்சே சொல்றேன். எல்லாம் டெக்சாஸ் ஏரிகள மனசுல வெச்சு எழுதுனது, வேற மாநிலத்துல இருந்தா சட்டம் மாறும், மீனோட குணம் பெருசா மாறாது.

மொதல்ல மீனைத் தெரிஞ்சுக்கங்க

இங்க பாஸ்னு சொன்னா பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பேருக்கு ஏத்த மாதிரி வாயைத் தொறந்தா தலையே காணாமப் போயிடும். நம்ம விரால் எப்படி அல்லிக்கொடிக்கு அடியில அசையாம நின்னுட்டு தவளை வந்தா லபக்குனு அடிக்குமோ, இதுவும் கிட்டத்தட்ட அதே ஜாதி புத்தி. தொரத்தித் தொரத்தி வேட்டையாடுறது கம்மி, ஏதாவது ஒண்ணுக்குப் பக்கத்துல ஒளிஞ்சு நின்னு பக்கத்துல வர்றத அடிக்கும். அந்த "ஏதாவது ஒண்ணு" தான் நீங்க தேட வேண்டியது: தண்ணிக்குள்ள சாஞ்சு கெடக்கற மரம், பட்டமரக் கட்டை, போட் கட்டி வெக்கற மரத்தளத்தோட நிழல், பாசியோட ஓரம், பாலத்துக்கு அடியில கொட்டி வெச்ச பாறை, கரை மூக்கு மாதிரி ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற இடம். வெட்டவெளித் தண்ணில நாள் பூரா வீசினாலும் கை வலிதான் மிஞ்சும்.

எவ்ளோ பெருசா வளரும்னு கேப்பீங்க. உலக ரெக்கார்டு 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஜார்ஜ் பெர்ரிங்கறவர் 1932ல ஜார்ஜியா மாநிலத்துல புடிச்சது, 2009ல ஜப்பான்ல பிவா ஏரில மனாபு குரிடா அதுக்கு சமமா ஒண்ணு புடிச்சாரு. டெக்சாஸ் ரெக்கார்டு 18.18 பவுண்டு, 1992 ஜனவரில லேக் ஃபோர்க்ல பேரி செயின்ட் கிளேர் புடிச்சது, அதுல வேடிக்கை என்னன்னா அவரு அன்னிக்கு பாஸுக்கே போகல, கிராப்பினு ஒரு சின்ன மீனுக்கு குட்டி மீனை இரையா போட்டுட்டு இருந்தாரு. ஆனா நமக்கு வர்றது ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு பவுண்டுதான். கயாக்ல, அதாவது ஒத்த ஆளு உக்காந்து துடுப்புப் போடற ஒல்லியான படகுல, உக்காந்திருக்கும்போது ரெண்டு பவுண்டே போதும், கை நடுங்கும்.

லைசன்ஸும் சட்டமும், சுருக்கமா

17 வயசு ஆயிட்டா லைசன்ஸ் வேணும். டெக்சாஸ்ல ஆறு மாசத்துக்கு மேல குடியிருந்தா ரெசிடென்ட் கணக்குல வந்துருவீங்க, நன்னீர் பேக்கேஜ் 30 டாலர், செப்டம்பர் மாசம் புதுசு தொடங்கி அடுத்த ஆகஸ்ட் 31ம் தேதி முடிஞ்சிரும், அதனால ஜூலைல போய் வாங்கி ஏமாறாதீங்க. வாங்குன நாள்லேர்ந்து ஒரு வருஷம் ஓடுற லைசன்ஸும் இருக்கு. காசே போடாம பழகணும்னா ஸ்டேட் பார்க் கரைலயோ பார்க்குக்குள்ள இருக்கற மீன்புடி மேடைலயோ நின்னு புடிக்கலாம், அங்க லைசன்ஸ் கேக்க மாட்டாங்க. ஆனா கயாக்கை தண்ணில எறக்கிட்டா பெரும்பாலும் அந்தச் சலுகை இல்ல.

மாநிலம் முழுக்க பொதுவா லார்ஜ்மவுத்துக்கு 14 இன்ச்க்கு கீழ இருந்தா விட்ரணும், ஒரு நாளைக்கு அஞ்சு. ஏரிக்கு ஏரி தனி விதி உண்டு. லேக் ஃபோர்க்ல 16 இன்ச்லேர்ந்து 24 இன்ச் வரைக்கும் நடுவுல இருக்கற எந்த மீனையும் வெச்சுக்கக் கூடாது, 24க்கு மேல இருந்தா நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதனால அளவுப் பலகை இல்லாம போகாதீங்க, கண்ணளவு எல்லாம் வார்டன்கிட்ட, அதாவது ஏரில சோதனை பண்ற அதிகாரிகிட்ட, எடுபடாது.

கயாக்கை துடுப்புலயோ பெடல்லயோ ஓட்டுனா ரெஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல. ஆனா அதுல ஒரு சின்ன எலக்ட்ரிக் மோட்டார மாட்டிட்டா அது மோட்டார் போட் ஆயிரும், நம்பர் வாங்கி ஒட்டணும். இது தெரியாம மாட்டிக்கிட்டவங்க நெறைய பேரு. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் போட்ல இருக்கணும், 13 வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்க போட்டுட்டே இருக்கணும். சத்தம் எழுப்ப ஒரு விசில், இருட்டுல போனா வெள்ளை லைட். சட்டம் "வெச்சிருந்தா போதும்"னு பெரியவங்களுக்கு சொல்லுது, நான் சொல்றேன், போட்டுக்கங்க. கவுந்த பிறகு சீட்டுக்குப் பின்னாடி கட்டி வெச்ச ஜாக்கெட்ட அவுத்து மாட்டறதெல்லாம் நடக்கற காரியம் இல்ல.

கயாக் வாங்கறது

நான் மொதல்ல வாங்குனது 10 அடி, ஒல்லியான கயாக், ஆத்துல ஜாலியா போறதுக்கு செஞ்சது. விலை கம்மினு வாங்கிட்டேன். மூணாவது தடவ போனப்ப பின்னாடி இருந்த வலையை எடுக்கத் திரும்பினேன், அவ்ளோதான், ரெண்டு ராடு, ஒரு டப்பா, சாப்பாட்டுப் பை எல்லாம் ஏரிக்கு. தயிர்சாதத்தை மீனு தின்னுச்சானு தெரியல.

மீன் புடிக்க சிட்-ஆன்-டாப் வகைதான் வேணும், அதாவது மேல உக்கார்ற மாதிரி, உள்ள தண்ணி வந்தாலும் ஓட்டை வழியா தானா வடிஞ்சிரும். நீளம் 11, 12 அடி, அகலம் 33 இன்ச்லேர்ந்து 36 இன்ச்னு பாருங்க. அகலம் கூடினா வேகம் குறையும், ஆனா நிம்மதி கூடும். எடை தாங்கும் அளவு கயாக் மேலயே போட்டிருக்கும், உங்க எடை, சாமான், தண்ணி பாட்டில் எல்லாம் சேத்து அதுல மூணுல ரெண்டு பங்குக்கு உள்ள நின்னா நல்லது. சீட்டு தரைல ஒட்டுன பிளாஸ்டிக்கா இல்லாம, தூக்கி வெச்ச துணி நாற்காலி மாதிரி இருக்கணும், ஆறு மணி நேரம் உக்காரணும், முதுகு உங்களோடது.

துடுப்பா பெடலானு ஒரு பஞ்சாயத்து எப்பவும் ஓடும். பெடல் போட்டா ரெண்டு கையும் ஃப்ரீ, காத்துல ஒரே இடத்துல நிக்கலாம், உண்மையிலயே பெரிய வித்தியாசம். ஆனா புதுசுல 2,000 டாலருக்கு மேல போயிரும், எடையும் கூட, கார் மேல ஒத்த ஆளா ஏத்த முடியாது. முதல் வருஷத்துக்கு பழைய துடுப்புக் கயாக் ஒண்ணு கையை மாத்தி வாங்குங்க, அடியில கீறல் இருந்தா பரவால்ல, ஓட்டைக்கிட்டயும் சீட்டுக்கு கீழயும் விரிசல் இருக்கானு மட்டும் தடவிப் பாருங்க. புடிச்சுப் போச்சுன்னா அப்புறம் பெடலுக்கு மாறலாம், பழசு போட்ட காசுக்கே போகும்.

வாங்கி வந்த மறுநாளே மீனுக்குப் போயிராதீங்க. இத யாரும் செய்யறதில்ல, நானும் செய்யல, அதான் தயிர்சாதம் போச்சு. ஒரு வெயில் நாள்ல, கூட ஒரு ஆளோட, நெஞ்சளவு தண்ணில, ராடு எதுவும் இல்லாம வேணும்னே கவுத்துப் போடுங்க. அப்புறம் மறுபடி ஏறிப் பழகுங்க: கயாக்க நிமித்தி, நடுப்பக்கம் வந்து, காலை பின்னாடி நீட்டி தண்ணிய உதைச்சு, வயித்தால மேல வழுக்கி ஏறி, புரண்டு உக்காரணும். கையால தூக்கி ஏறப் பாத்தா திரும்ப உங்க மேலயே கவுரும். அஞ்சாறு தடவ செஞ்சா உடம்புக்கே பழகிரும். பிப்ரவரில தண்ணி 50 டிகிரி பாரன்ஹீட் பக்கம் இருக்கும்போது விழுந்தா யோசிக்கவே நேரம் இருக்காது, மேல வெயில் அடிச்சாலும் தண்ணியோட சூட்டுக்கு ஏத்த மாதிரி டிரெஸ் போடணும்னு சொல்றது இதுக்குத்தான்.

ராடு, ரீல், லைன்

ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. 7 அடி மீடியம் பவர் ஸ்பின்னிங் ராடு, 2500 சைஸ் ஸ்பின்னிங் ரீல். ரெண்டும் சேத்து 100 டாலருக்குள்ள நல்லதே கெடைக்கும். பேக்டரிலேர்ந்து சுத்தி வர்ற லைன தூக்கிப் போட்டுட்டு 15 பவுண்டு பிரெய்டு லைன், அதாவது இழை இழையா பின்னின நூல், சுத்தி, நுனில ஒரு ஆறு அடிக்கு 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் கட்டுங்க. பிரெய்டு மெலிசா இருக்கும், நீளாது, மீன் மூச்சு விட்டாக்கூட கைல தெரியும்; ஃப்ளூரோ தண்ணில கண்ணுக்குத் தெரியறது கம்மி, கட்டைல உரசினா சீக்கிரம் அறுபடாது.

பெய்ட்காஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ரீல் ராடுக்கு மேல உக்காந்திருக்கும், வீடியோல பெரிய ஆளுங்க எல்லாம் அதத்தான் வெச்சிருப்பாங்க. பவர் அதிகம், குறி துல்லியம், எல்லாம் சரி. ஆனா கட்டை விரல் பழகற வரைக்கும் லூர், அதாவது செயற்கை இரை, நின்ன பிறகும் லைன் சுத்தியிருக்கற ஸ்பூல் சுத்திட்டே இருந்து உள்ள ஒரு குருவிக்கூடு கட்டும் பாருங்க, அத கயாக்ல உக்காந்து பிரிக்கறதுக்குள்ள காத்து உங்கள அடுத்த கரைக்குக் கொண்டு போயிரும். அத வீட்டுப் பின்னாடி புல்லுல பழகிட்டு வாங்க. லூர தொங்க விட்டு, பக்கத்து குமிழை மெதுவா தளத்தி, லூர் நிதானமா எறங்கி தரையத் தொட்ட உடனே ஸ்பூல் நிக்கற மாதிரி வெச்சா அதான் சரியான அளவு, பிரேக்க முதல்ல கூட்டியே வெச்சுக்கங்க.

முடிச்சுக்கு பாலமார் ஒண்ணு தெரிஞ்சா போதும். லைன ரெண்டா மடிச்சு கொக்கிக் கண்ணுல விட்டு, தளர்வா ஒரு சாதா முடிச்சு போட்டு, வர்ற வளையத்துக்குள்ள கொக்கிய முழுசா நுழைச்சு, எச்சில் தொட்டு இறுக்கணும். எச்சில் தொடாம இறுக்கினா சூட்டுல லைன் பலம் போயிரும். நல்ல மீன் அறுத்துட்டு போச்சுனு கதை சொல்றவங்கள்ள பாதிப் பேருக்கு முடிச்சுதான் அவுந்திருக்கும்.

நாலு லூர், அதுக்கு மேல வேண்டாம்

மொதல்ல வாக்கி ரிக், ரிக்னா கொக்கில புழுவ மாட்டற விதம். 5 இன்ச் ஸ்டிக் வார்ம்னு குச்சி மாதிரி பிளாஸ்டிக் புழு, பச்சைப் பூசணி கலர், அதாவது கிரீன் பம்ப்கின், நடுவுல ஒரு 1/0 கொக்கி குத்தி விட்டா ரெண்டு பக்கமும் தொங்கும், எடை எதுவும் கிடையாது. கட்டை பக்கத்துல போட்டு லைன தளத்தி விட்டுட்டு சும்மா இருங்க. அது ரெண்டு முனையும் நடுங்கிட்டே மெதுவா எறங்கும், பெரும்பாலும் எறங்கும்போதே அடி விழும். நீங்க செய்யற பெரிய தப்பு சும்மா இருக்க முடியாம சுத்தறது. லைன் திடீர்னு பக்கவாட்டுல நகந்தாலோ, எறங்க வேண்டியது எறங்காம நின்னாலோ மீன் வாயில இருக்குனு அர்த்தம், தளர்வ சுத்தி எடுத்துட்டு ராடை ஒரே வீச்சா இழுங்க. நடுவுல ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதுல கொக்கிய விட்டா புழு சீக்கிரம் கிழியாது, பாக்கெட் மிச்சம்.

ரெண்டாவது டெக்சாஸ் ரிக், பேரே நம்ம மாநிலத்தோடது. துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு எடை, 3/16 இல்ல 1/4 அவுன்ஸ், அதுக்குக் கீழ 3/0 ஆஃப்செட் கொக்கி, அதாவது கழுத்து மடிஞ்ச கொக்கி, கொக்கி முனைய புழுவோட உடம்புக்குள்ளயே மறைச்சு வெக்கணும். முனை வெளிய தெரியாததால மரக்கிளைக்குள்ள, பாசிக்குள்ள எங்க போட்டாலும் மாட்டாது. தரைல எறங்க விட்டு, ராடை கொஞ்சம் தூக்கி, மறுபடி எறங்க விட்டு, அவ்ளோதான். கல்லு மேல உரசினா சொரசொரனு தெரியும், கட்டைல ஏறினா கனமா தெரியும், மீன் தொட்டா டக் டக்னு ரெண்டு தட்டு. இந்த மூணையும் கை பிரிச்சுக் கத்துக்க ஒரு சீசன் ஆகும், கத்துக்கிட்டா கண்ண மூடிட்டு ஏரித் தரையப் படிக்கலாம்.

மூணாவது ஸ்பின்னர்பெய்ட், இழுத்தா தகடு சுத்தற கம்பி லூர், 3/8 அவுன்ஸ், வெள்ளை. தண்ணி கலங்கி இருந்தா, காத்து அடிச்சா இதுதான். போட்டு சுத்தறது மட்டும்தான் வேலை, கட்டை வந்தா அதுல இடிக்க விடுங்க, இடிச்சு வெலகற நொடிலதான் அடிக்கும்.

நாலாவது ஃப்ராக், ரப்பர் தவளை. பாசி மேல கம்பளம் விரிச்ச மாதிரி மூடியிருக்கற இடத்துல அது மேலயே நடக்க விடறது. ஊர்ல விராலுக்கு இதே ஃப்ராக் வெச்சு ஆடறவங்க இப்ப நெறைய இருக்காங்க, அவங்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்ல. தண்ணி பொளிச்சுனு வெடிச்ச உடனே இழுத்தா தவளை காத்துல பறந்து உங்க மூஞ்சிக்கு வரும். ஒரு மூச்சு விட்டு, லைன்ல கனம் தெரிஞ்ச பிறகு இழுக்கணும். இதுக்கு மட்டும் கனமான ராடும் 50 பவுண்டு பிரெய்டும் வேணும், அதனால ரெண்டாவது ராடு வாங்கும்போது இத வெச்சுக்கங்க.

மூணு முள் கொக்கி ரெண்டு தொங்கற கிராங்க்பெய்ட், அதாவது மீன் உருவத்துல இருக்கற கெட்டி லூர், வகைய கயாக்ல முதல் வருஷம் தொடாதீங்கனு சொல்லுவேன். மடில துள்ளுற மீனு, அதுல ஆடுற ஆறு முள்ளு, நடுவுல உங்க தொடை. போடத்தான் போறீங்கன்னா பார்ப், அதாவது கொக்கி முனைல பின்பக்கமா நீட்டிட்டிருக்கற சின்ன முள்ளு, எல்லாத்தையும் கொறடால அமுக்கி விட்டுட்டுப் போடுங்க.

தண்ணில எறங்கற நாள்

முந்தின ராத்திரி மீனப் பத்தி யோசிக்காம காத்தப் பாருங்க. மணி வாரியா எத்தன மைல் வேகம், எந்தத் திசைனு போன்ல வரும். புதுசுல 10 மைலுக்கு மேல போட்டிருந்தா பெரிய ஏரிக்குப் போகாதீங்க, சின்னக் குளம் ஏதாவது பாத்துக்கங்க. நார்த் டெக்சாஸ்ல வசந்த காலத்துல தெக்கத்திக் காத்து 20 மைல் எல்லாம் சாதாரணமா அடிக்கும், ரே ராபர்ட்ஸ் மாதிரி 29,000 ஏக்கர் ஏரில நடுவுல மாட்டினா அலை கடல் மாதிரி எழும்பும். அலை நுனில வெள்ளை நொரை தெரிய ஆரம்பிச்சா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுதுனு கரைக்கு வந்துருங்க. இடி சத்தம் கேட்டா சொல்லவே வேண்டாம், கைல கிராஃபைட் ராடு வெச்சிருக்கீங்க.

போகும்போது காத்துக்கு எதிரா போங்க. காலைல உடம்புல தெம்பு இருக்கும், அப்ப எதிர்த்து மிதிச்சிட்டுப் போய், களைச்சுப் போன மத்தியானம் காத்தே உங்கள காருகிட்ட கொண்டு வந்து விடற மாதிரி பிளான் போடணும். நான் ஒரு தடவ தலைகீழா பண்ணிட்டு, ரெண்டு மணி நேரம் துடுப்புப் போட்டு, கடைசில கரையோரமா எறங்கி கயாக்க கயித்தால கட்டி இழுத்துட்டே நடந்து வந்தேன், முழங்கால் சேறு, ஃபயர் ஆன்ட் எறும்புக்கடி வேற.

துடுப்பு, கொறடா, போன் எல்லாத்துக்கும் ஒரு கயிறு கட்டி கயாக்ல மாட்டிருங்க. கட்டாத சாமான் ஏரிக்கு சொந்தம். நங்கூரம் போட்டா முனைலயோ வாலுலயோதான் கயிறு இருக்கணும், பக்கவாட்டுல நடுவுல கட்டினா காத்தும் அலையும் அடிக்கும்போது அப்படியே கவுத்துரும். கயித்த அறுக்க ஒரு கத்தி ஜாக்கெட்லயே இருக்கட்டும். கட்டை இருக்கற இடத்துல நங்கூரமே வேண்டாம், கிளைல மாட்டற கிளிப் ஒண்ணு போதும். பெரிய போட்காரங்க கண்ணுக்குத் தெரிய ஒரு ஆரஞ்சுக் கொடி உயரமா பின்னாடி நட்டு வைங்க.

எடத்துக்கு வந்தா ஒரே கரைல ஒரு 200 அடிய எடுத்துக்கிட்டு அத முழுசா அலசுங்க. கயாக்கோட பலமே இதுதான், போட்காரன் ஒரு நிமிஷத்துல தாண்டிப் போற எடத்துல நீங்க அரை மணி நேரம் நின்னு ஒவ்வொரு கட்டையா தட்டிப் பாக்கலாம், சத்தமும் இல்ல. வீசும்போது தலைக்கு மேல வீசாம பக்கவாட்டுல, தண்ணிக்குக் கிட்டக்க வீசப் பழகுங்க, மரத்தடில நிழலுக்குள்ள போகும்.

மீன் மாட்டினா முதல் தடவ ஒரு ஆச்சரியம் இருக்கு: நீங்க மீனை இழுக்கறீங்களா மீன் உங்கள இழுக்குதானு தெரியாது, கயாக் மூக்க திருப்பிக்கிட்டு மீன் பின்னாடி போக ஆரம்பிச்சிரும். பயப்படாம ராடை ஒரு பக்கமா சாச்சு கட்டைலேர்ந்து வெளிய கொண்டு வாங்க, ரீலோட டிராக், அதாவது மீன் இழுத்தா லைன விட்டுக் குடுக்கற பிரேக், கொஞ்சம் தளர்வா இருக்கட்டும். பக்கத்துல வந்தா தூக்கறதுக்கு எட்டிக் குனியாதீங்க. உங்க மூக்கு கயாக்கோட ஓரத்தத் தாண்டக் கூடாது, இது ஒண்ண மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. வலைய மீன் தலைப்பக்கமா தண்ணில வெச்சு, மீன வலைக்குள்ள நடத்திட்டு வாங்க.

எந்த மாசம் எங்க

வருஷம் பூரா பாஸ் நகந்துட்டே இருக்கும், அதுக்கு காலண்டர் தெரியாது, தண்ணி சூடுதான் தெரியும். பிப்ரவரி, மார்ச்ல தண்ணி 55லேர்ந்து 60 டிகிரிக்கு ஏறும்போது ஆழத்துலேர்ந்து கரைய நோக்கி வரும், வயித்துல முட்டையோட இருக்கற பெரிய மீன் கெடைக்கறது இப்பதான். 60க்கு மேல போனதும் ஆழமில்லாத காவு, அதாவது ஏரியோட சின்ன உள்வாங்கல்கள்ல, தரையத் தொடச்சு வட்டமா கூடு கட்டி முட்டை போடும், ஆண் மீன் காவல் நிக்கும். அந்தக் காவல் மீனைப் புடிச்சா உடனே அதே எடத்துல விட்ருங்க, நீங்க போட்டோ எடுக்கற நேரத்துல சின்ன மீனுங்க முட்டைய காலி பண்ணிரும்.

மே கடைசிலேர்ந்து வெயில். விடியக்காலை அஞ்சே முக்கால்லேர்ந்து எட்டரை வரைக்கும் மேல்மட்டத்துல ஆடும், அப்புறம் நிழலுக்கோ ஆழத்துக்கோ போயிரும், நீங்களும் வீட்டுக்குப் போயிருங்க. ஜூலை, ஆகஸ்ட்ல 100 டிகிரிக்கு மேல வெயில்ல கயாக்ல மத்தியானம் உக்காந்திருக்கறது வீரம் இல்ல, ரெண்டு லிட்டர் தண்ணி ஒரு பக்கம் போயிட்டே இருக்கணும். அக்டோபர், நவம்பர்ல ஷாட்னு ஒரு வெள்ளி கலர் சின்ன மீன் கூட்டம் கூட்டமா ஓடை வாய்க்குள்ள போகும், பாஸும் பின்னாடியே போகும், வெள்ளை ஸ்பின்னர்பெய்ட்டுக்கு இதவிட நல்ல மாசம் கெடையாது. டிசம்பர், ஜனவரி மெதுவா, ஆழமா, பொறுமையா.

போட்ல போறதா இருந்தா

பாஸ் போட்டுனா 18லேர்ந்து 21 அடி, முன்னாடி மேடை, மூக்குல சத்தமில்லாத எலக்ட்ரிக் டிரோலிங் மோட்டார், பின்னாடி பெரிய அவுட்போர்டு மோட்டார், நடுவுல மீன உயிரோட வெக்க லைவ்வெல் தொட்டி. வாங்கறது காருக்கு மேல காசு. ஆனா ஆபீஸ்ல ஒருத்தராவது வெச்சிருப்பாரு, கூப்புடுவாரு, அப்ப கொஞ்சம் மரியாதை தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவயும் கூப்புடுவாரு.

கறுப்பு சோல் ஷூ போட்டுட்டுப் போய் கம்பளத்துல தேய்க்காதீங்க. பெட்ரோலுக்குப் பங்கு குடுங்க. முன்னாடி நிக்கறவர்தான் எடத்த முடிவு பண்ணுவாரு, அவரு வீசப் போற எடத்துக்கு முன்னாடி நீங்க வீசக்கூடாது, அவரு தாண்டின எடமும் எதிர்ப்பக்கமும் உங்களுக்கு. வீசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவயும் பின்னாடி திரும்பிப் பாருங்க. அப்புறம், வாழைப்பழம் எடுத்துட்டுப் போகாதீங்க. நமக்கு தாம்பூலத்துலேர்ந்து பூஜை வரைக்கும் அது இல்லாம ஆகாது, இங்க போட்ல வாழைப்பழம் இருந்தா மீனே கெடைக்காதுனு ஒரு நம்பிக்கை, சிரிச்சிட்டே சொன்னாலும் நெசமாவே தூக்கி எறிஞ்சவங்கள நான் பாத்திருக்கேன்.

பெரிய மோட்டார் ஓடும்போது லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போடுங்க. ஓட்டறவரு கில் ஸ்விட்ச் கயித்த உடம்புல மாட்டியிருக்கணும், அவரு தவறி விழுந்தா மோட்டார் தானா நின்னுரும், ஆள் இல்லாத போட் வட்டம் போட்டுட்டு வந்து விழுந்தவர் மேலயே ஏறாது. டெக்சாஸ்ல 2019லேர்ந்து இது சட்டம். நீங்களே ஓட்டறதா இருந்தா, 1993 செப்டம்பர் 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க 15 குதிரை சக்திக்கு மேல ஓட்ட போட்டிங் கோர்ஸ் முடிச்சிருக்கணும்.

ரேம்ப்ல, அதாவது போட்ட தண்ணில எறக்குற சரிவுல, நின்னுக்கிட்டு சாமான் ஏத்தாதீங்க. ராடு, ஐஸ் பெட்டி, பட்டை அவுக்கறது எல்லாம் பார்க்கிங்லயே முடிச்சிரணும். கடைசியா டிரெயின் பிளக், போட்டோட பின்பக்கம் அடியில இருக்கற அடைப்பு, போட்டாச்சானு கையால தொட்டுப் பாருங்க. நாங்க ஒரு விடியக்காலை மூணு பேரு, மூணு பேரும் அடுத்தவன் போட்டிருப்பான்னு நெனச்சு எறக்குனோம். பத்து நிமிஷத்துல கால் நனையுது, லைவ்வெல் வழியுதுனு ஒருத்தன் சொல்றான். டிரெய்லர ரிவர்ஸ் எடுக்க, ஸ்டீரிங்கோட அடிப்பக்கத்தப் புடிங்க, டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகத்துங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காலியா கெடக்கற ஏதாவது பார்க்கிங்ல பழகிட்டு வாங்க, ரேம்ப்ல பத்து வண்டி பின்னாடி நிக்கும்போது பழகாதீங்க.

லேக் ஃபோர்க் போனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. 1980ல அணை கட்டித் தண்ணி நிரப்பினப்ப மரங்கள நெறைய வெட்டாம விட்டுட்டாங்க, இப்பவும் பட்டமரமா காடு மாதிரி நிக்குது. போட் போறதுக்கு மிதவை போட்டு தனி வழி இருக்கு, அத விட்டு வேகமா வெளிய போனா தண்ணிக்கு அடியில கட்டை மோட்டாரோட காலை ஒடச்சிரும். அதே காடு கயாக்காரனுக்கு சொர்க்கம், போட் நுழைய முடியாத சந்துல நுழைஞ்சு போகலாம்.

புடிச்ச மீனை என்ன பண்றது

கைய நனைச்சுட்டுத் தொடுங்க, காஞ்ச கை பட்டா மேல இருக்கற வழவழப்பு போயி மீனுக்கு சீக்கு வரும். கட்டை விரல வாய்க்குள்ள விட்டு கீழ் உதட்டப் புடிச்சா அடங்கிரும், பல்லு உப்புத்தாள் மாதிரிதான், கடிக்காது. மூணு பவுண்டுக்கு மேல இருந்தா ஒத்தக் கையால தாடையில தொங்க விடாம வயித்துக்கு அடியில இன்னொரு கைய குடுங்க. அளவுப் பலகையையும் நனைச்சு, வாய மூடி முனைல முட்ட வெச்சு, வால சேத்து ஒரு போட்டோ. கயாக் போட்டிகள்ல எடையே போடறதில்ல, இந்த போட்டோல இருக்கற நீளம்தான், அஞ்சு மீனோட நீளத்தக் கூட்டி யாரு ஜாஸ்தியோ அவங்க ஜெயிப்பாங்க, மீன் அங்கயே தண்ணிக்குத் திரும்பப் போயிரும்.

13 பவுண்டுக்கு மேல ஒண்ணு மாட்டுச்சுன்னா, மாட்டாது, ஆனா மாட்டுச்சுன்னா, டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் நடத்தற ஷேர்லங்கர்னு ஒரு திட்டம் 1986லேர்ந்து இருக்கு. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் புடிச்சு போன் பண்ணா அவங்களே வந்து ஏதன்ஸ் ஊர்ல இருக்கற பண்ணைக்குக் கொண்டு போயி, குஞ்சு பொரிக்க வெச்சு ஏரிகள்ல விடுவாங்க.

சாப்பிடலாமானு கேட்டா, விதிக்கு உட்பட்டு தாராளமா. 14, 15 இன்ச் மீனுல ஒண்ணு ரெண்டு எடுத்து மொளகாப்பொடி, மஞ்சத்தூள், எலுமிச்சம்பழம் போட்டு வறுத்தா நல்லாத்தான் இருக்கு, முள்ளு கம்மி. குழம்புக்கு சரியா வரல எனக்கு, சதை மெதுவா இருக்கறதால ஒடஞ்சிருது. பெரிய மீனை விட்ருங்க, அதான் முட்டை போடற பொம்பள மீனு.

ஏரிய விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வேலை இருக்கு. 2009ல டெக்ஸோமா ஏரில ஜீப்ரா மசல்னு நகத்தளவு ஒரு சிப்பி வந்துச்சு, இப்ப ரே ராபர்ட்ஸ், லூயிஸ்வில்னு பரவிருச்சு, அதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது, ஒரு டம்ளர் தண்ணில அடுத்த ஏரிக்குப் போயிரும். அதனால போட், லைவ்வெல், கயாக் உள்பக்கம் எல்லாத்துலயும் தண்ணிய ரேம்ப்லயே வடிச்சிரணும், சட்டமே அது. ஒட்டியிருக்கற பாசிய கையால பிச்சுப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து கயாக்க கவுத்துப் போட்டு ஒரு வாரம் நல்லா காய விடுங்க, அடுத்த சனிக்கிழமைக்குள்ள காஞ்சிரும்.